வலிய கப்பித்தானும் நானும்
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐந்து நிமிஷம்தான் தந்திருக்கிறார்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பைசாந்தியப் பேரரசர்கள் வட ஐரோப்பிய வீரர்களைத் தம் காவல்படையில் வைத்திருந்ததை வரலாற்று சார் ஒருநாள் நடத்தினார். நார்வேயின் ஹரால்டு அப்படிப் பணிபுரிந்து, ஊர் திரும்பி 1046-இல் மன்னரானார். நான் எழுந்து, "எங்க ஊருலயும் அப்படி ஒருத்தரு உண்டு சார்" என்றேன். என் நாகர்கோவில் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் இதோ முன்வரிசையில்தான் இருக்கிறீர்கள்!

அன்று பாதியில் நின்றதை இன்று சொல்லிவிடுகிறேன். மிளகு வணிகத்துக்காக டச்சுக்காரர்கள் திருவிதாங்கூரோடு மோதினார்கள். 1741 ஆகஸ்ட் 10-இல் குளச்சலில் தோற்றார்கள். சிறைப்பட்டவர்களில் ஒருவர் டி லனாய். மார்த்தாண்ட வர்மா அவரையே தம் படைக்குப் பயிற்சி தரச் சொன்னார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்தார்கள். எதிரியாய் வந்தவர் 'வலிய கப்பித்தான்' ஆனார். ஹரால்டு ஊர் திரும்பினார். இவரோ திரும்பவில்லை. அடுத்த மன்னருக்கும் பணிபுரிந்து, 1777-இல் இறந்து, அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார்.

நானும் வந்தேறிதான். காசிமேட்டில் ஒரு நண்பனின் அம்மா, "நீயும் எம் புள்ளதாம்பா" என்று மீன் குழம்பு ஊற்றியதால்தான் படிப்பை முடித்தேன். பிறகு எண்ணூர்ப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் சூப்பர்வைசர் ஆனேன்.

அங்கே மோல்டிங் பிரிவில் பீகார்ப் பையன் ஒருவன் இருந்தான். மணலைக் கையில் பிடித்து நசுக்கியே ஈரம் சரியா என்று சொல்லிவிடுவான். அவன் சொன்னால் தப்பாது. இரண்டு முறை சார்ஜ்ஹேண்ட் பதவி காலியானது. இரண்டு முறையும் 'மொழி போதாது' என்று எழுதி அவன் பெயரைத் தள்ளினேன். உண்மை அதுவல்ல. 'நம்ம ஆள்' இல்லை என்பதுதான்.

ஒரு லீவில் மகளை உதயகிரிக்கு அழைத்துப் போனேன். கூரை இல்லாத தேவாலயத்துக்குள் அந்தக் கல்லறை. கல்லில் லத்தீனோடு தமிழும் இருக்கிறது. "வெளிநாட்டுக்காரருக்கு எதுக்குப்பா தமிழ்ல எழுதியிருக்காங்க?" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

திரும்பி வந்து அவனுக்குச் சிபாரிசு எழுதினேன். முந்தின வாரமே கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டான். எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

நண்பர்களே, உங்களில் பலர் இன்று துறைமுகத்திலும் திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும் பொறுப்பில் இருக்கிறீர்கள். வருகிறவனின் ஊரைக் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் அவன் கையைப் பாருங்கள். எனக்கு அது ஒரு வாரம் தாமதமாகத்தான் புரிந்தது.