ஈடான சொல்லும் ஈடாகாத பொருளும்



எம்.எஃப்.எல். என ஊரார் சுருக்கி வழங்கும் மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் ஆலை 1966இல் நிறுவப்பெற்று 1971இல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கு விளையும் யூரியா மணலி மக்கள் நன்கறிந்த பொருள். ஆயினும் அதனை எந்தப் பெயரின்கீழ் வைப்பது என்னும் வினாவுக்கு அறிவுத்துறைகள் ஒரே விடையைத் தருவதில்லை. வேதியியலார் அதனைக் கரிமச் சேர்மம் என்பர். 1828இல் ஜெர்மானிய அறிஞர் வோலர் ஆய்வுக்கூடத்தில் யூரியாவை ஆக்கிக் காட்டியது கரிம வேதியியல் வரலாற்றில் ஒரு திருப்பமாகும். வேளாண் துறையாரோ அதனைக் கரிம உரம் எனக் கொள்ளார். அவர்களுக்கு அது இரசாயன உரம். அடைமொழி ஒன்று, அது குறிக்கும் பொருள் இரண்டு.

இவ்விரு துறைகளின் சொற்பட்டியல்களை இணைக்க முற்படும் நூலகர் ஒருவர் எழுத்தொற்றுமையை மட்டும் நம்பினால் என்ன நேரும்? இரசாயனம் கலவாத வேளாண்மையை நாடி வந்த உழவரின் கையில் யூரியா பற்றிய நூல் போய்ச் சேரும். இணைச்சொல் காணும் பணியின் அருமையை இச்சிறு காட்டே உணர்த்திவிடும்.

நூலகத்தார் பேணும் சொற்களஞ்சியம் அகராதியினின்று வேறானது. ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களுள் ஒன்றைத் தலைச்சொல்லாகத் தேர்ந்து, ஏனையவற்றை அதன்பால் ஆற்றுப்படுத்துவது அதன் வேலை. அச்சொல்லினும் அகன்ற பொருளுடையது எது, குறுகியது எது, தொடர்புடையது எது என்பனவற்றையும் அது காட்டும். தமிழுக்கு இவ்வகை முயற்சி புதிதன்று. திவாகர நிகண்டு பெயர்களைப் பொருள்வகையால் தொகுத்ததோடு, ஒரு சொல் பல பொருள் உணர்த்தும் இடங்களுக்கெனத் தனித்தொகுதியே வகுத்தது. சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வகுத்த நூலகவியல் விதிகள் ஐந்தனுள் ஒன்று, படிப்போரின் காலம் வீணாகலாகாது என்பதை வற்புறுத்துகிறது. தேடுவோர் ஒரு பெயரால் தேட, நூல் வேறொரு பெயரில் ஒளிந்திருப்பின் அவர் காலம் மட்டுமன்று, அந்நூலின் பயனும் வீணாகிறது.

ஒரு களஞ்சியத்துக்குள் இவ்வொழுங்கை அமைப்பது எளிது. தனித்தனியே வளர்ந்த இரு களஞ்சியங்களுக்கு இடையே பாலம் அமைப்பதுதான் அரிது. தமிழிலேயே அதற்குத் தக்க சான்று உண்டு. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொல்லாக்கப் பணிக்கு மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் தலைமையேற்றார். அத்தொகுப்பு 1938இல் வெளிவந்தது. இரு கரையும் ஒன்றுகூடிய காலம் அது. பின்னர்த் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பாடநூல்கள் தனித்தனியே எழுந்தன; சொற்களும் பிரிந்தன.

தமிழகத்தின் இயற்பியல் இலங்கையில் பௌதிகவியல். இங்குள்ள வேதியியல் அங்கு இரசாயனவியல். இவற்றை நேருக்கு நேர் இணைப்பதில் இடரில்லை. பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே. இடர் வருவது ஒரே சொல் இரு கரையிலும் வழங்கும்போதுதான். தமிழகப் பாடநூலில் 'நிறை' என்பது ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. அதன்மீது புவி செலுத்தும் ஈர்ப்பு விசை 'எடை' எனப்படும். இலங்கைப் பாடநூலில் முன்னது 'திணிவு', பின்னதே 'நிறை'. அவ்வாறே 'வேகம்' என்பது இங்குத் திசையைக் கருதாத அளவு. அங்கு அதற்குக் 'கதி' என்று பெயர். 'வேகம்' திசையும் கூடியது, அதாவது இங்குள்ள திசைவேகம். 'நிறை'யை 'நிறை'யோடும் 'வேக'த்தை 'வேக'த்தோடும் பிணைப்பவர் தவறான கணக்கையே மாணவர்க்கு அளிப்பார். அறியாத சொல் படிப்போரை நிறுத்திக் கேட்கவைக்கும். அறிந்த சொல் வேறு பொருளில் வரும்போது ஐயமின்றிக் கடந்துசெல்லவைக்கும். ஆதலின் பின்னதே கூடுதல் தீங்குடையது.

இதனை உணர்ந்தே அனைத்துலக நெறிகள் இணைப்பின் தன்மையையும் உடன் குறிக்க வேண்டுமென விதித்தன. 2009இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெளியிட்ட ஸ்காஸ் என்னும் நெறியும், 2013இல் வந்த ஐ.எஸ்.ஓ. 25964 தரத்தின் இரண்டாம் பகுதியும் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை. ஸ்காஸ் நெறி முற்றும் ஒத்தது, ஏறக்குறைய ஒத்தது, அகன்றது, குறுகியது, தொடர்புடையது என இணைப்புகளை ஐவகையாக்குகிறது. ஒரு பட்டியலில் 'இயற்கை உரம்' என்ற ஒரு சொல் மட்டும் இருக்க, மற்றொன்றில் தொழுவுரம், பசுந்தாளுரம், மண்புழு உரம் எனத் தனித்தனியே இருப்பின், முன்னதை இம்மூன்றனுள் எதற்கும் ஈடெனக் கூறலாகாது; அகன்ற சொல் என்றே குறிக்க வேண்டும்.

ஏறக்குறைய ஒத்தவற்றைச் சங்கிலியாகக் கோத்துச் செல்வதும் பிழை. உழவர் வழக்கில் உள்ள தழைச்சத்து, பயிருக்கு ஊட்டமாகும் நைட்ரஜன். காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜனே. அதனால் காற்றில் 78 விழுக்காடு தழைச்சத்து என எந்த உழவரும் கூறார். நெற்பயிர் அதனை நேரே உண்ண இயலாது என்பதை அவர் அறிவார்.

மணலி ஆலையின் 17-17-17 காம்ப்ளக்ஸ் உரம் இவ்வுண்மையை எண்ணாலும் மெய்ப்பிக்கும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என மூன்றும் சம அளவில் உள்ளதாக மூட்டை சொல்கிறது. ஆனால் உர வழக்கில் இரண்டாவது எண் பாஸ்பரஸ் பென்டாக்சைடையும், மூன்றாவது எண் பொட்டாசியம் ஆக்சைடையும் குறிப்பன. 50 கிலோ மூட்டையில் நைட்ரஜன் 8.5 கிலோ, தனிமமாகக் கணக்கிட்டால் பாஸ்பரஸ் ஏறத்தாழ 3.7 கிலோ, பொட்டாசியம் ஏறத்தாழ 7 கிலோ. 'மணிச்சத்து' என்பதற்குப் 'பாஸ்பரஸ்' முற்றும் ஈடெனப் பட்டியலில் எழுதியவர், வயலுக்கு இட வேண்டிய அளவை இருமடங்குக்கு மேல் பிறழச் செய்துவிடுவார்.

2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதித்தது. அவ்வாண்டு நவம்பரில் அது பெருமளவு தளர்த்தப்பட்டது. அந்த மாதங்களில் அங்குள்ள உழவர் பட்ட பாடு தமிழக உழவருக்கும் பாடமாகத் தக்கது. ஆனால் அந்நாட்டுத் தமிழில் உரம் பெரும்பாலும் 'பசளை'; கரிம உரம் 'சேதனப் பசளை'. 'கரிம உரம்' என்று மட்டும் தேடுவோருக்கு, தம் தாய்மொழியிலேயே எழுதப்பட்ட அவ்வனுபவம் அகப்படாது. பாக் நீரிணையைவிட அச்சொல்லிடைவெளி அகன்றதாகிவிடுகிறது.

இதற்குத் தீர்வாக ஒரு கரையார் தம் சொல்லைக் கைவிட வேண்டுவதில்லை. சேதனப் பசளையில் அந்நாட்டு உழவரின் பட்டறிவு உறைந்துள்ளது. தழைச்சத்தில் இலையின் பசுமை கண்ட உழவரின் நோக்கு உள்ளது. அவை வாழ வேண்டும். அவற்றுக்கிடையே அமைக்கும் ஒவ்வொரு பாலத்திலும், இச்சொல் முற்றும் ஈடா, ஓரளவே ஈடா, அகன்றதா, குறுகியதா என்னும் குறிப்பு பொறிக்கப்பட வேண்டும். ஒத்த எழுத்துகளை இயந்திரம் நொடியில் காட்டும். நெல்வயலையும் ஆய்வுக்கூடத்தையும் அறிந்தவர்தாம் பொருள் ஒத்ததா எனத் தீர்மானிக்க இயலும். ஆலையில் பணியாற்றுவோரும் தமிழ் கற்றோரும் ஒரே அவையில் அமரும் மணலி போன்ற ஊர்கள் அப்பணிக்குத் தக்க இடங்கள். பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் அதற்கும் ஓர் இடம் வாய்க்கட்டும்.