மின் திட்டங்களும் மலைக்காட்டின் உயிர்க் கணக்கும்

கொல்லங்கோட்டு வயல்வெளியில் நின்று தெற்கே நோக்குவோர்க்கு நெல்லியாம்பதி மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்பது தெரியும். வடக்கே, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், அமைதிப் பள்ளத்தாக்கு உள்ளது. கணவாய் வழியே வீசும் காற்றும், இருபுற மலைகளிலிருந்தும் இறங்கும் ஆறுகளும் மின்னாற்றலுக்கு மூலங்கள். அதே மலைகளில்தான் உலகில் வேறெங்கும் காணப்படாத உயிரினங்கள் பல வாழ்கின்றன. ஆகவே, மின் திட்டம் அமையும் இடத்தின் உயிர்வளத்தை எவ்வாறு கணக்கெடுப்பது, எவ்வளவு காலம் கண்காணிப்பது என்னும் வினா இங்குக் கூடியுள்ள மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் அந்நியமானதன்று.

அமைதிப் பள்ளத்தாக்கின் படிப்பினை

குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டும் திட்டத்திற்குத் திட்டக் குழு 1973-ஆம் ஆண்டில் இசைவளித்தது. தொடக்கத்தில் 120 மெகாவாட் மின்சாரம், சுமார் 10,000 ஹெக்டேர் நிலத்திற்குப் பாசனம் ஆகியவை எதிர்பார்க்கப்பட்ட பயன்கள். மலபார் பகுதி அந்நாளில் மின்வசதியிலும் தொழில் வளர்ச்சியிலும் பின்தங்கியிருந்தது. அம்மக்களின் கோரிக்கை நியாயமானதே. ஆனால் இழப்புக் கணக்கில், நீரில் மூழ்கும் பரப்பு சுமார் 8.3 சதுர கிலோமீட்டர் என்பதற்கு மேல் அதிகமாக எதுவும் இல்லை. அப்பரப்பில் வாழ்வன எவை என்னும் முழுமையான பட்டியல் எவரிடமும் இருக்கவில்லை.

1976-இல் ஜாபர் ஃபுத்தேஹல்லி தலைமையிலான குழு, திட்டத்தைக் கைவிடுதல் நலம் என்றும், தவிர்க்க இயலாதெனில் 17 பாதுகாப்பு விதிகளைக் கைக்கொள்ள வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. மாநில அரசு இரண்டாவது வழியைத் தேர்ந்தது. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தில் தாவரவியலாளர், பொறியாளர், பொருளியலாளர் ஆகியோர் இணைந்து 1979-இல் திட்டத்தின் வரவு செலவை மறுஆய்வு செய்தனர். பின்னர் எம். ஜி. கே. மேனன் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

கே. எஸ். மணிலால் தொகுத்த அப்பள்ளத்தாக்கின் தாவர நூல் 1988-இல்தான் வெளிவந்தது. அதில் 966 பூக்கும் தாவர இனங்கள் இடம்பெற்றன. அதாவது, காட்டின் கணக்கு முழுமை பெறுவதற்கு முன்னரே அதன் விதி முடிவு செய்யப்பட்டுவிட்டது. முடிவு காட்டிற்குச் சாதகமாக அமைந்தது நற்பேறு. எல்லாக் காடுகளுக்கும் அந்நற்பேறு வாய்க்கும் என்று கொள்வதற்கில்லை.

ஒரு பருவம் போதுமா?

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994-ஆம் ஆண்டு அறிவிக்கையால் கட்டாயமாக்கப்பட்டது. 2006-இல் அது திருத்தியமைக்கப்பட்டது. எனினும் பல வகைத் திட்டங்களுக்கு மழையற்ற ஒரு பருவத்தில் திரட்டிய தகவலே போதுமெனக் கொள்ளப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இது பொருந்தாது.

இடுக்கி மாவட்டத்தின் கட்டப்பனையிலிருந்து 2003-இல் அறிவியல் உலகிற்கு அறிமுகமான ஊதாத் தவளையே இதற்குச் சான்று. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழிக்கும் இத்தவளை, பருவமழையின் தொடக்கத்தில் இனப்பெருக்கத்திற்காகச் சில நாட்களே வெளிவருகிறது. கோடையில் ஆய்வாளர் எத்தனை முறை நடந்தாலும் அது கண்ணில் படாது. அறிக்கையில் ‘இல்லை’ என்றே பதிவாகும்.

திட்டம் முடிந்த பின்னரும்

கட்டுமானத்திற்கு முன்னும் பின்னும் ஒரே பாதைகளில், ஒரே முறையில் எண்ண வேண்டும். திட்டம் இல்லாத, ஒத்த தன்மையுள்ள மற்றோர் இடத்தையும் எண்ணி ஒப்பிட வேண்டும். மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்துச் சால்கேவாடிப் பீடபூமியில் நடந்த ஆய்வொன்று 2018-இல் வெளியாயிற்று. காற்றாலைகள் உள்ள பகுதியில் வேட்டைப் பறவைகள், ஆலைகளற்ற பகுதியைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே காணப்பட்டன. அவற்றுக்கு இரையாகும் பல்லியினம் பெருகியிருந்தது. புகையில்லாத மின்சாரமும் உயிர்ச் சங்கிலியில் மாற்றம் விளைவிக்கும் என்பதை இந்த ஒப்பீடே வெளிப்படுத்தியது. ஆயினும் 2006 அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலைகள் இடம்பெறவில்லை. கஞ்சிக்கோட்டிலும் இராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் சுழலும் இம்மலைப்பகுதிக்கு இது கவனத்திற்குரியது.

மின்கம்பித் தடங்களும் அவ்வாறே. சிங்கவால் குரங்கு மரக்கிளைகளின் வழியே இடம்பெயர்வது. தரைக்கு இறங்குவது அரிது. கம்பிக்காக வெட்டப்படும் ஒரு கீற்று நிலம் பரப்பளவில் சிறிதாயினும், கூட்டம் ஒன்றை இரண்டாகப் பிரித்துவிடக்கூடும். தாழத் தொங்கும் கம்பி யானைக்கு எமனாகிறது. மூழ்கும் ஹெக்டேரை மட்டும் கணக்கிட்டால் இவை புலப்படா.

காடறிந்தோரின் துணை

இப்பணிக்கு ஆட்கள் வேண்டும். நெல்லியாம்பதிக்குத் தெற்கே வாழச்சால் காடுகளில், காடர் பழங்குடியினர் வனத்துறையுடன் இணைந்து இருவாட்சிப் பறவைகளின் கூடுகளை ஆண்டுதோறும் கண்காணித்து வருகின்றனர். எந்த மரத்தில் எந்த மாதம் கூடு அமையும் என்னும் அவர்களது அறிவு, பயிற்சி பெற்ற உயிரியலாளரின் பதிவேட்டுடன் சேரும்போது நம்பத்தக்க புள்ளிவிவரமாகிறது.

இசைவு பெற்ற திட்டங்கள் நிபந்தனைகளை நிறைவேற்றியது குறித்து அரையாண்டுக்கு ஒருமுறை அறிக்கை அளிக்கின்றன. நட்ட மரங்களின் எண்ணிக்கையோடு, உயிரினங்களின் எண்ணிக்கையும் அதே பாதை, அதே முறை என்னும் அடிப்படையில் அதில் இடம்பெறுதல் வேண்டும். இதற்கான செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்ப்பது பொருத்தமாகும். மின் உற்பத்தி நாள்தோறும் அளக்கப்படுகிறது. அதற்காகக் காடு கொடுக்கும் விலையை ஒருமுறை மட்டும் மதிப்பிட்டு ஏட்டை மூடிவிடுவது முறையான கணக்காகாது.