இரவல் இயந்திரமும் சொந்தக் கணக்கும்



செயற்கைக் கோள்கள் எடுக்கும் படங்களைக் கொண்டு வயலையும் வனத்தையும் ஆராய்வது இன்று கல்லூரி மாணவர்க்கும் எளிதாகிவிட்டது. 2010-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் வெளியிட்ட 'எர்த் எஞ்சின்' அதற்கு ஒரு பெருங்காரணம். படங்களும் அவர்களிடம், கணிப்பொறிகளும் அவர்களிடம். நாம் கட்டளை எழுதி அனுப்பினால் விடை வந்து சேரும். ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட லேண்ட்சாட் படங்களை ஆராய்ந்து, உலகக் காடுகளின் மாறுதலை விஞ்ஞானிகள் 2013-இல் வெளியிட்டது இதன் துணையால்தான். கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் இது இலவசம். வணிகத்துக்கு 2022 முதல் கட்டணம் உண்டு. ஆகவே இக்கலையைத் தொழிலாகக் கொள்வோர் வேறிடம் பெயர எண்ணுவது இயல்பே.

படங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். லேண்ட்சாட் படங்களும், ஐரோப்பாவின் சென்டினல் படங்களும் எவர்க்கும் இலவசம். க்யூஜிஐஎஸ், பைத்தான் முதலிய கருவிகளும் விலையின்றிக் கிடைக்கும். கட்டளைகளைப் புதிதாக எழுத வேண்டும். அது உழைப்பே தவிர ஆபத்தன்று. ஆபத்தெல்லாம், பழைய இடத்தில் நாம் அறியாமலே நமக்கு நடந்துவந்த பணிவிடைகளில்தான் இருக்கிறது.

பென்சில் கையிலிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பயிரின் பசுமையை அளக்க, அது எதிரொளிக்கும் அகச்சிவப்புக் கதிரின் அளவிலிருந்து சிவப்பொளியின் அளவைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கிறோம். செழித்த வயலொன்றில் முன்னது 3500, பின்னது 500 என்று கொள்வோம். 3000-ஐ 4000-ஆல் வகுத்தால் 0.75. நல்ல பயிர்! ஆனால் 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களின் எண்கள் 1000 கூட்டியே பதியப்படுகின்றன. மிக இருண்ட இடங்களின் அளவு பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் தொலையாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. அந்த ஆயிரத்தைக் கழித்தே தரும் தொகுப்பு எர்த் எஞ்சினில் உண்டு. அதிலே பழகியவர், மூலப் படத்துக்கு வந்ததும் 4500, 1500 என்று அப்படியே எடுத்துக்கொள்வார். 3000-ஐ 6000-ஆல் வகுத்தால் 0.5. வயலில் ஓர் இலையும் வாடவில்லை. கணக்கிலோ பசுமையில் மூன்றிலொரு பங்கு போய்விட்டது! 2021-ஆம் ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டு, வறட்சி என்றே அறிக்கை எழுதிவிடலாம். அதைப் படிக்கும் அதிகாரி வயலைப் பார்க்கவா போகிறார்?

கழித்துத் தரும் இடங்கள் வேறும் உண்டு. அங்கே மறுபடி கழித்தால் அதுவும் பிழையே. ஆதலால் பழைய கணக்கை மூடுமுன், ஒரே வயலை, ஒரே நாட் படத்தில், இரண்டிடத்திலும் கணித்துப் பாருங்கள். கடைசி இலக்கம் வரை ஒத்துவராது. படக் கட்டங்களை அடுக்கும் முறை இடத்துக்கிடம் சிறிது மாறும். ஆனால் 0.25 வித்தியாசம் அதனால் வருவதன்று.