அகப்பக்கமும் ஓர் அணையா விளக்கே
(காஹாங்கில் நடைபெற்ற ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நமது அறநிதிக்கென ஓர் அகப்பக்கம் வேண்டும், அதை அமைக்க எவ்வளவு செலவாகும் என்று சொல்லுங்கள் எனப் பெரியவர்கள் என்னைப் பணித்திருக்கிறார்கள். அமைக்க எவ்வளவு என்று கேட்குமுன், ஆண்டுதோறும் நடத்த எவ்வளவு என்று கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இது நமக்குப் புதிய பாடமன்று. கும்பாபிஷேகத்திற்குக் கேட்டால் அள்ளிக் கொடுக்கிறோம். மறுநாள் காலை விளக்குக்கு எண்ணெய் யார் வாங்குவது என்பதில்தான் தடுமாற்றம் வருகிறது. நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். முதலாம் இராசராசன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. அவற்றின் பாலிலிருந்து நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகளை எந்த இடையரிடம் ஒப்படைத்தார்கள் என்பதும் கல்லில் பொறிக்கப்பட்டது. அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு செத்தாலும் மூத்தாலும் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது என்பது அதன் பொருள். விளக்கைச் செய்து கொடுத்தவர், அது அணையாதிருக்கவும் வழி செய்துவிட்டே போனார்.

அகப்பக்கமும் அப்படித்தான். அதற்கு நான்கு வகைச் செலவுகள் உண்டு. முதலாவது, இணைய முகவரி. இதை நாம் விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்கே எடுக்கிறோம். டாட் காம், டாட் ஓஆர்ஜி போன்ற முகவரிகளை ஒரு தடவையில் அதிகம் போனால் 10 ஆண்டுகளுக்கே பதியலாம். இரண்டாவது, நம் பக்கங்களை வைத்திருக்கும் கணினிக்கு இடவாடகை. மூன்றாவது, பராமரிப்பு, மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் தீயவர்கள் புகுந்துவிடுவார்கள். நான்காவது, திருவிழா அறிவிப்பு, படங்கள், கணக்கறிக்கை ஆகியவற்றைத் தட்டச்சு செய்து ஏற்றும் உழைப்பு. பாதுகாப்புச் சான்றிதழுக்கு மட்டும் அவசரப்பட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள். 2015 இறுதியிலிருந்து ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்ற அமைப்பு அதை இலவசமாகவே வழங்கி வருகிறது.

முகநூலில் இலவசமாகப் பக்கம் திறக்கலாமே என்று நம் இளைஞர்கள் கேட்பார்கள். திறக்கலாம், அறிவிப்புக்கு அது நல்லது. ஆனால் அது பிறர் வீட்டுத் திண்ணை. 1990களில் ‘ஜியோசிட்டீஸ்’ என்ற நிறுவனம் இலவசமாக இடம் கொடுத்தது. உலகெங்கும் எத்தனையோ பேர் அங்கே அகப்பக்கம் அமைத்தனர், தமிழர்களும் அமைத்தனர். 1999இல் அதை யாகூ வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியே விட்டது. தன்னார்வலர்கள் ஒரு பகுதியைப் படியெடுத்துக் காத்தனர், மற்றவை போயின.

இன்னொரு பாடத்தை மதுரைத் திட்டம் தருகிறது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய இத்திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் தலைமையில், பல நாட்டுத் தமிழர்களின் இலவச உழைப்பால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. ‘டிஸ்கி’ என்ற எழுத்துக் குறியீட்டில் இருந்த நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஒருமுறை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்பது இணையத்தில் இல்லை. தொண்டர்கள் செய்தாலும் உழைப்பு உழைப்புதான்; அதை நம் திட்டத்தில் எழுதி வைக்க வேண்டும்.

நான் அறிந்த ஓர் ஆலயத்தின் கதையையும் சொல்கிறேன், பெயர் வேண்டாம். முன்னாள் செயலாளர் தம் சொந்தப் பெயரில், தம் கடன் அட்டையில் முகவரியைப் பதிந்திருந்தார். அவர் ஊர் மாறிப் போனார், அட்டை காலாவதியானது. நினைவூட்டுக் கடிதங்கள் யாரும் திறவாத அஞ்சல் பெட்டிக்குப் போயின. முகவரி கைவிட்டுப் போயிற்று. பழைய தோட்டத் தேவாலயத்தின் படங்களும் உபயதாரர் பட்டியலும் அதனோடு மறைந்தன. தோட்டமும் இல்லை, படமும் இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். இது உதாரணத்திற்கு மட்டுமே. அமைக்க 3,000 வெள்ளி, நடத்த ஆண்டுக்கு 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டில் நடத்தும் செலவு 6,000. மொத்தம் 9,000 வெள்ளி. அமைப்புச் செலவு மூன்றில் ஒரு பங்குதான். 3,000 வெள்ளி மட்டும் திரட்டிவிட்டு விழா எடுத்தால், அடுத்த ஆண்டே கையைப் பிசைய வேண்டும். அந்த 1,200 வெள்ளியோ மலையளவு தொகையன்று. நூறு குடும்பங்கள் மாதம் ஒரு வெள்ளி கொடுத்தால் போதும். வைப்புநிதியின் வட்டியிலேயே நடத்த வேண்டுமானால், 3 விழுக்காட்டு வட்டிக்கு 40,000 வெள்ளி வேண்டும். அதுவே நம் காலத்துச் சாவா மூவாப் பேராடு.

ஆகவே நான்கு தீர்மானங்களைப் பணிவுடன் முன்வைக்கிறேன். முகவரி அறநிதியின் பெயரிலேயே பதியப்பட வேண்டும். கடவுச்சொல் இரு பொறுப்பாளர்களிடம் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் நாளும் தொகையும் ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் வாசிக்கப்பட வேண்டும். எல்லாவற்றின் படியும் நம் அலுவலகத்திலேயே இருக்க வேண்டும். ஐந்தாண்டுச் செலவுக்கு வழி தெரிந்த பிறகே பணியைத் தொடங்குங்கள். அதுவரை பொறுத்திருப்பதில் குறைவில்லை.

காஹாங்கைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பிறந்த நம் பிள்ளைகள் இன்று குளுவாங்கிலும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் பிழைக்கிறார்கள். இவ்வாண்டுத் திருவிழா எந்த நாள் என்று அவர்கள் அங்கிருந்து தேடும்போது, நம் விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். விளக்கு வாங்கித் தர முன்வரும் அன்பர்களுக்கு நன்றி. எண்ணெய்க்கும் ஓர் உபயதாரர் முன்வருவாராக.