படத்துக்குப் பின்னால் இருக்கும் கோப்பு

 

வகுப்பில் ஃபைனைட் எலிமென்ட் என்றே சொல்லிப் பழகிய வரம்புறு கூறு முறையின் வரலாற்றை கணிப்புவழி விசையியல் கருத்தரங்குக்கு வந்திருக்கும் இந்த அவைக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 1943-இல் கூரண்ட் எழுதிய கட்டுரை, 1956-இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் விமான இறக்கையின் விறைப்பை வைத்து எழுதிய கட்டுரை, 1960-இல் கிளஃப் இந்த முறைக்குச் சூட்டிய பெயர், எல்லாம் நீங்கள் அறிந்தவை. இங்கே படிக்கப்படும் கட்டுரைகளில் தகைவுப் படங்கள் வண்ண வண்ணமாக வரப்போகின்றன. அந்தப் படங்களுக்குப் பின்னால் இருக்கும் எழுத்துக் கோப்பைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

கால்குலிக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில், மியூனிக் நகரில் விமான எஞ்சின் செய்யும் எம்டியு நிறுவனத்தைச் சேர்ந்த குய்டோ டோன்ட், கிளாஸ் விட்டிக் இருவரின் உழைப்பு அது. கணக்கைத் தீர்க்கும் சால்வரை டோன்ட் எழுதினார். மாதிரியை அமைக்கவும் முடிவைப் படமாகப் பார்க்கவும் உதவும் பகுதியை விட்டிக் எழுதினார். ஜிபிஎல் உரிமத்தில் கிடைப்பதால் மூல நிரலையே திறந்து படிக்கலாம். சால்வருக்குப் பொத்தான்களோ பட்டியல்களோ கிடையாது. டெர்மினலில் சிசிஎக்ஸ் என்று தட்டி, உள்ளீட்டுக் கோப்பின் பெயரைப் பின்னொட்டு இல்லாமல் கொடுத்தால் ஓடத் தொடங்கும். கேட்ட எண்களை டேட் கோப்பிலும், படம் வரைவதற்கானவற்றை எஃப்ஆர்டி கோப்பிலும் எழுதிவைத்துவிட்டு நின்றுவிடும்.

அந்த உள்ளீட்டுக் கோப்பைத் திறந்து பாருங்கள். நட்சத்திரக் குறியோடு தொடங்கும் வரிகள் தலைப்புகள். நோட் என்ற தலைப்பின் கீழ் கணுக்களின் ஆயங்கள். எலிமென்ட் என்பதன் கீழ், எந்தெந்தக் கணுக்கள் சேர்ந்து ஒரு கூறு என்ற பட்டியல். எலாஸ்டிக் என்பதன் கீழ் யங் குணகமும் பாய்சான் விகிதமும். எஃகுக்கு 210000, 0.3. பவுண்டரி என்பதன் கீழ் எந்தக் கணு எந்தத் திசையில் அசையக்கூடாது என்பது. சிலோட் என்பதன் கீழ் எந்தக் கணுவில் எவ்வளவு விசை. இவை ஒவ்வொன்றும் ஒரு பொறியாளர் தன் பொறுப்பில் சொல்லும் கூற்று. யார் வேண்டுமானாலும் படித்து, இது ஏன் என்று கேட்கலாம்.

210000-க்குப் பக்கத்தில் அலகு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கால்குலிக்ஸ் அலகு பார்ப்பதில்லை. நீளம் மில்லிமீட்டரிலும் விசை நியூட்டனிலும் இருந்தால் தகைவு மெகாபாஸ்கலில் வரும். அப்போது அடர்த்தியைக் கன மில்லிமீட்டருக்கு இத்தனை டன் என்று கொடுக்க வேண்டும். எஃகுக்கு அது 7.85-ஐ நூறு கோடியால் வகுத்து வரும் எண். பழக்க தோஷத்தில் 7850 என்று எழுதிவிட்டால் நிறை இலட்சம் கோடி மடங்கு ஏறும், இயல் அதிர்வெண் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்.

இன்னும் நுட்பமான ஒன்று. 1000 மி.மீ. நீளம், 50 மி.மீ. சதுர வெட்டுமுகம் கொண்ட எஃகு உத்தரம். ஒரு முனை இறுகப் பிணைத்தது, மறுமுனையில் 1000 நியூட்டன் பளு. முனை 3.05 மி.மீ. தாழும், பிணைப்பருகே வளைவுத் தகைவு 48 மெகாபாஸ்கல் என்று இளநிலை மாணவர் கையாலேயே போட்டுவிடுவார். யங் குணகத்தைக் கிகாபாஸ்கல் கணக்கில் 210 என்று எழுதிப் பாருங்கள். ஒரு மீட்டர் உத்தரத்தின் முனை மூன்று மீட்டருக்கு மேல் தாழ்ந்ததாக டேட் கோப்பு சொல்லும். நேரியல் கணக்கு என்பதால் எச்சரிக்கை எதுவும் வராது. தகைவு மட்டும் அப்போதும் 48 தான்! தகைவுப் படத்தைப் பார்ப்பவருக்குப் பிழை தென்படாது. உருமாற்றத்தைத் திரைக்குத் தக்கபடி சுருக்கியும் பெருக்கியும் காட்டும் மென்பொருளில் வளைந்த வடிவமும் குறையில்லாமல் தெரியும். கோப்பை வரி வரியாகப் படிக்கும் பழக்கம் உள்ளவரிடம் மட்டுமே இந்தப் பிழை அகப்படும்.

வகுப்பறைப் பிழைதானே என்று யாரும் எண்ண வேண்டாம். 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில், ஸ்டவாங்கர் அருகே, ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் மூழ்கிப்போனது. வட கடலில் 82 மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டியது அது. மேல்தளத்தைப் பொருத்துவதற்கு ஆயத்தமாக நீரில் தாழ்த்திக்கொண்டிருந்தபோது, வட்ட அறைகள் கூடும் இடத்து முக்கோண இடைவெளியின் சுவர் பிளந்தது. வடிவமைப்புக் கணக்கு நாஸ்ட்ரான் என்ற வரம்புறு கூறு மென்பொருளில் நடந்தது. அந்த மூலையில் மெஷ், அதாவது கூறுகளின் வலை, போதிய நுணுக்கத்தோடு இல்லாததால் வெட்டுத் தகைவு 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டது. கம்பிகளின் பிணைப்பும் போதவில்லை. பின்னர் நுணுக்கமாகப் போட்ட கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உடைந்தது 65 மீட்டரில். ஆக, முறையில் பிழை இல்லை, சால்வரிலும் இல்லை. அந்த மூலையை யாராவது ஒருவர் இன்னொரு முறை, இரட்டிப்பு மெஷ்ஷோடு ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

கட்டளை வரியில் அப்படி மறுபடி ஓட்டிப் பார்ப்பது மிக எளிது. நம் உத்தரத்தையே எட்டுக் கணுச் செங்கட்டிக் கூறுகளால் ஒற்றை அடுக்காகக் கட்டினால், வளைவில் அவை தேவையற்று விறைத்துக்கொள்ளும், தாழ்வு 3.05-ஐ எட்டாது. இருபது கணுக் கூறுக்கு மாறி, மெஷ்ஷை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று நுணுக்கி, மூன்று கோப்புகளையும் ஒரு சிறு ஷெல் நிரலில் வரிசையாக விட்டால் எல்லா விடைகளும் வந்து நிற்கும். இரண்டு கோப்புகளை டிஃப் கட்டளையிடம் கொடுத்தால் எந்த வரி மாறியது என்று காட்டிவிடும். பொத்தான் அழுத்தி அமைத்த மாதிரியில், ஆறு மாதம் கழித்து, எதை மாற்றினோம் என்பது அமைத்தவருக்கே நினைவிருக்காது.

வரைகலை மென்பொருள்களை நான் குறை கூறவில்லை. சிக்கலான உருவத்துக்கு மெஷ் போட அவை இல்லாமல் முடியாது. ஆனால் மாணவரின் கையில் முதலில் தர வேண்டியது எழுத்துக் கோப்பும் டெர்மினலும்தான் என்பது என் உறுதியான கருத்து. பத்துக் கணுக்கள் கொண்ட ஒரு மாதிரியையாவது கையால் தட்டி ஓட்டியவருக்குத்தான், பிறகு இலட்சம் கணுக்கள் வரும்போது எங்கே ஐயப்பட வேண்டும் என்று தெரியும்.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். அமர்வுத் தலைவர்கள் ஒவ்வொரு கட்டுரையாளரிடமும், வண்ணப் படத்துக்கு முன்பாக, மூன்றைக் கேளுங்கள்: பிணைப்புகளில் வரும் எதிர்விசைகளின் கூட்டுத்தொகை பளுவுக்குச் சமமாக இருக்கிறதா, மெஷ்ஷை இரட்டித்தால் விடை எவ்வளவு மாறுகிறது, கையால் போட்ட கணக்கு எங்கே? தொகுப்பு நூலுக்குக் கட்டுரை தருபவர்கள், பயன்படுத்திய சால்வரின் பெயரையும் பதிப்பெண்ணையும் குறிப்பிட்டு, உள்ளீட்டுக் கோப்பையும் உடன் ஒப்படையுங்கள். கோப்பு வராத கட்டுரையைத் தொகுப்பில் சேர்க்க வேண்டாம் என்று பதிப்பாசிரியர் குழுவை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.