ஜூஸ் கடைத் தோல் மீனுக்குத் தீவனம் ஆகுமா?



பூந்தமல்லி, ஆவடி பக்கம் ராத்திரி கடை மூடுற நேரத்தில் ஒரு ஜூஸ் கடை வாசலைப் பாருங்கள். அன்னாசித் தோல், சாத்துக்குடிச் சக்கை, தர்பூசணித் தோல் எல்லாம் மூட்டையாகக் கிடக்கும். கொஞ்சம் தள்ளி திருமழிசை, திருநின்றவூர் பக்கம் பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பவருக்கோ செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகுது. "அந்த மூட்டையை இங்கே கொட்டினா என்ன?" நியாயமான கேள்விதான். ஆனா, கொட்டக் கூடாது. காயவைத்துப் பொடியாக்கி, அளவாகச் சேர்க்கலாம்.

பச்சைத் தோலைக் குளத்தில் போட்டால் மீன் தின்றது போக மீதி அடியில் அழுகும். அழுகுறதுக்குத் தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜன் செலவாகும். ராத்திரியில் பாசியும் ஆக்சிஜன் தராது. அதனாலதான் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்படிப் பார்த்தால் உடனே தீவனத்தை நிறுத்தி, மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீர் விடுங்க. விடிஞ்சு வெயில் வரட்டும்னு காத்திருந்தால் ஒரு வருஷ உழைப்பு மிதக்கும்.

அடுத்தது புரதம். கட்லா, ரோகு, மிர்காலுக்குத் தீவனத்தில் 25 முதல் 30 சதவீதம் புரதம் வேணும். வழக்கமாகக் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சரிபாதி போடுறோம். பிண்ணாக்கில் சுமார் 42, தவிட்டில் சுமார் 12 சதவீதம் என்று வைத்தால் கலவையில் 27 வரும். பழத்தோல் பொடியில் 5 சதவீதம் அளவுதான். 100 கிலோ கலவையில் தவிட்டைக் குறைத்து 15 கிலோ பொடி போட்டால் புரதம் 26, மோசமில்லை. பிண்ணாக்கில் பாதியை எடுத்துட்டு 25 கிலோ பொடி போட்டால் 18-க்கு இறங்கிடும். மீன் சாகாது, ஆனா எடை போடாது. ஆக, பழத்தோல் தவிட்டுக்கு மாற்று, பிண்ணாக்குக்கு இல்லை. "இலவசத் தீவனம்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

பக்குவம் பண்ண மெஷின் எதுவும் வேண்டாம். ஸ்ட்ரா, பிளாஸ்டிக் கவர், பழத்தில் ஒட்டின ஸ்டிக்கர் எல்லாம் முதலில் எடுக்கணும். (இந்த வேலைக்குத்தான் ஆள் கிடைக்க மாட்டாங்க.) சின்னதாக நறுக்கி, தார்ப்பாயில் பரப்பி, ஒடித்தால் முறியுற வரைக்கும் காயவைத்து அரைக்கணும். 100 கிலோ பச்சைத் தோல் காய்ந்தால் 15 முதல் 20 கிலோ நிற்கும். பூஞ்சை பிடித்தது வேண்டவே வேண்டாம். அந்த நச்சு மீனின் ஈரலைக் கெடுக்கும். சாத்துக்குடி, எலுமிச்சைத் தோல் கசக்கும், குறைவாகவே சேருங்கள். கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகளில் கழியும் மாங்கொட்டையின் பருப்பில் மாவுச்சத்து நிறைய இருக்கு. ஆனா துவர்ப்பும் உண்டு. ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டின பிறகுதான் காயவைக்கணும். எந்தப் பொடியானாலும் முதல் இரண்டு வாரம் 100-க்கு 5 கிலோ போதும்.

"கழிவு போட்டு வளர்த்த மீனா?" என்று வாங்குறவங்க முகம் சுளிப்பதும் உண்மை. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கோழிக்கழிவு போட்டு வளர்த்தவர்களால் வந்த பெயர் அது. அதனால எங்கே வாங்கினோம், எப்போ காயவைத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஏரியில் மூட்டையைக் கொட்டிவிட்டு "மீனுக்குத்தான்" என்பதையும் யாரும் ஏற்க மாட்டார்கள்.

ஆவடி, பூந்தமல்லி பக்கத்தினர் திருவள்ளூர் மாவட்டத்துக்கான பொன்னேரி மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகலாம். அம்பத்தூர் இப்போது சென்னை மாவட்டம் என்றாலும், குளம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கேதான் மனு. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத யோஜனா திட்டத்தில் குளம் வெட்ட பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், பட்டியலின, பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் உண்டு. இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தொழில்நுட்பச் சந்தேகத்துக்கு மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. போகும்போது நீங்கள் அரைத்த பொடியில் அரைக் கிலோ கையோடு எடுத்துட்டுப் போங்க.