பத்து ஏக்கர் தோட்டமும் நூற்றறுபது வயதுக் கொடிகளும்

(நம் சங்கத்தின் மாலைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைக் கேட்டதும், "நம்ம அசோசியேஷன் கூட்டத்துல ஒயினைப் பத்தியா?" என்று சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். நியாயம்தான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரையும் குடிக்கச் சொல்ல நான் வரவில்லை. எந்த அளவு மதுவையும் உடலுக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் பேசப்போவது ஒரு தோட்டத்தையும், அதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வரும் ஒரு குடும்பத்தையும் பற்றி. ஒயினைத் தொடாதவர்களுக்கும் இதில் விஷயம் உண்டு.

நம் பிளாக்குகளில் பலருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். போய்வரும்போது ஏர்போர்ட் கடையில் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரே உயரம், ஒரே நிறம், இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின். ஒன்று ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். இன்னொன்று அதைப்போல பல மடங்கு. அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரே ஒரு ஒயினை வைத்துப் பதில் சொல்லப் பார்க்கிறேன். அதன் பெயர் ஹில் ஆஃப் கிரேஸ். தெற்கு ஆஸ்திரேலியாவில் ஈடன் வேலி என்ற இடத்தில் ஹென்ஷ்கி குடும்பம் தயாரிப்பது. ஆஸ்திரேலியாவிலேயே ஒரு பாட்டில் ஆயிரம் டாலரை ஒட்டி விற்கிறது. நம் கணக்கில் அரை லட்சம் ரூபாய்க்கு மேல்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். ஈடன் வேலி என்பது அடிலெய்டு நகருக்கு வடகிழக்கே, பரோசா பகுதியின் மேட்டு நிலம். இந்தத் தோட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு மழை ஏறக்குறைய 520 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. தோட்டத்தின் மொத்தப் பரப்பு 8 ஹெக்டேர், அதாவது 20 ஏக்கர். அதில் ஏறக்குறைய பாதியில், சுமார் பத்து ஏக்கரில், ஷிராஸ் என்ற திராட்சை இருக்கிறது. நம் ஊர் மார்க்கெட்டில் கிடைக்கும் பன்னீர் திராட்சை மாதிரி அப்படியே சாப்பிட வளர்ப்பது அல்ல இது. சிறிய, கறுத்த, தோல் தடித்த பழம். சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலிலிருந்துதான் வருகின்றன. சாறு தனியாகப் பார்த்தால் ஏறக்குறைய நிறமற்றதுதான். தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பதால்தான் சிவப்பாகிறது.

இப்போது குடும்பம். 19ஆம் நூற்றாண்டின் முன்பாதியில், அன்றைய பிரஷ்ய அரசின் மதக் கெடுபிடி தாங்காமல் லூத்தரன் கிறிஸ்தவர்கள் பலர் சிலேசியா பகுதியைவிட்டுக் கப்பலேறினார்கள். அப்படி 1841இல் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர் யோஹான் கிறிஸ்டியன் ஹென்ஷ்கி. 1868இல் கெய்ன்டன் என்ற ஊரில் தன் ஒயினை விற்கத் தொடங்கினார். அன்று தொடங்கிய தொழில் இன்று ஆறாம் தலைமுறையின் கைக்கு வந்திருக்கிறது.

நான் சொல்லும் தோட்டத்தை நட்டவர் நிக்கோலஸ் ஸ்டானிட்ஸ்கி என்ற இன்னொரு குடியேறி. காலம் ஏறத்தாழ 1860. பிறகு அது ஹென்ஷ்கி குடும்பத்தின் கைக்கு வந்தது. தோட்டத்துக்கு எதிரே ஒரு சிறிய லூத்தரன் தேவாலயம் இருக்கிறது. அதன் பெயர் க்னாடன்பெர்க். அவர்கள் விட்டுவந்த சிலேசியாவின் ஓர் ஊர்ப்பெயர். ஜெர்மன் மொழியில் "அருளின் குன்று" என்று பொருள். அதுதான் ஆங்கிலத்தில் ஹில் ஆஃப் கிரேஸ் ஆயிற்று. தோட்டத்துக்குள் பாத்திகளுக்கும் பெயர் உண்டு. சர்ச் பிளாக், வீட்டு பிளாக், காற்றாலை பிளாக் என்று. மிகப் பழைய கொடிகள் நிற்கும் பகுதிக்கு "தாத்தாக்கள்" என்று பெயர். அந்தத் தாத்தாக்கள் 160 வயதைத் தாண்டியும் இன்னும் காய்க்கிறார்கள்.

எப்படி இவ்வளவு வயது? ஐரோப்பாவிலேயே இவ்வளவு பழைய கொடிகள் அபூர்வம். 1860களில் அமெரிக்காவிலிருந்து போன ஃபிலாக்ஸெரா என்ற ஒரு சின்னப் பூச்சி, வேரைத் தாக்கி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கே அமெரிக்கக் கொடியின் வேர்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுப்போட்டுத்தான் வளர்க்கிறார்கள். அந்தப் பூச்சி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கும் வந்தது. ஆனால் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையவில்லை. இன்றும் வெளியிலிருந்து திராட்சைக் கொடியோ, தோட்டத்து மண் ஒட்டிய கருவிகளோ உள்ளே வர அந்த மாநிலத்தில் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் ஹில் ஆஃப் கிரேஸின் கிழக் கொடிகள் இன்னும் தங்கள் சொந்த வேரில் நிற்கின்றன.

பூச்சியிடமிருந்து தப்பிய கொடிகள் மனிதர்களிடமிருந்தும் தப்ப வேண்டியிருந்தது. இந்தப் பேச்சில் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டிய பகுதி இதுதான்.

1950களில் ஆஸ்திரேலியர்கள் அதிகம் குடித்தது போர்ட், ஷெர்ரி போன்ற, ஸ்பிரிட் சேர்த்த ஒயின்களை. நாலாம் தலைமுறையைச் சேர்ந்த சிரில் ஹென்ஷ்கி அந்தப் போக்கிலிருந்து விலகினார். ஒரே தோட்டத்துப் பழத்தை வேறெதனோடும் கலக்காமல், இனிப்பில்லாத சாப்பாட்டு ஒயினாகச் செய்து, அந்தத் தோட்டத்தின் பெயரிலேயே விற்றார். 1952இல் மவுண்ட் எடல்ஸ்டோன். 1958இல் முதல் ஹில் ஆஃப் கிரேஸ். 1979இல் அவர் காலமானார். மகன் ஸ்டீபனும் மருமகள் ப்ரூவும் பொறுப்பேற்றார்கள். ஸ்டீபன் ஒயின் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ள, தாவரவியல் படித்த ப்ரூ தோட்டத்தை எடுத்துக்கொண்டார்.

அவர்கள் பொறுப்பேற்ற சில ஆண்டுகளிலேயே ஷிராஸுக்கு மதிப்பு விழுந்தது. வெள்ளை ஒயின்தான் மோஸ்தர். பழம் தேங்கிக் கிடந்தது. 1980களின் நடுவில் அரசே ஒரு திட்டம் கொண்டுவந்தது. கொடியை வேரோடு பிடுங்கினால் ஏக்கர் கணக்கில் பணம். கடனில் இருந்த விவசாயிக்கு அது கைக்கு வந்த பிடிமானம். பல குடும்பங்கள் நூறு வயதுக் கொடிகளைப் பிடுங்கிவிட்டன. அவர்களைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. விளைச்சல் குறைவு, விலை இல்லை, வீட்டில் செலவு. நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். நம்மில் எத்தனை பேர் ஊரில் இருந்த தோப்பை, வயலை, பாகம் பிரித்து விற்றுவிட்டு இந்த மாடி வீட்டுக்கு வந்திருக்கிறோம்! ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்யாணமோ படிப்போ வைத்தியமோ காரணமாக இருந்திருக்கும்.

ஆனால் பத்து வருடத்தில் உலகமே பழைய ஷிராஸைத் தேடி வந்தபோது, பிடுங்கியதைத் திரும்ப வைக்க வழி இல்லை. கட்டடத்தை இடித்தால் மறுபடி கட்டலாம். நூறு வயதுக் கொடி வேண்டுமென்றால் நூறு வருடம் காத்திருக்க வேண்டும்.

அதே 1980களில் ப்ரூ ஹென்ஷ்கி வேறொரு வேலையைத் தொடங்கினார். பழைய கொடிகளை ஒவ்வொன்றாகக் கவனித்து, எது நன்றாகக் காய்க்கிறது, எது நோய் தாங்குகிறது என்று பார்த்து, சிறந்தவற்றின் குச்சிகளை எடுத்து நாற்றங்காலில் வளர்த்தார். தாத்தாக்கள் ஒருநாள் போய்விட்டாலும் அதே வம்சம் அதே மண்ணில் தொடர வேண்டும் என்பதற்காக. கொடியடியில் வைக்கோல் மூடாக்கு, கம்போஸ்ட், வரிசைகளுக்கு நடுவே அந்த மண்ணுக்கே உரிய புல், செடிகள் என்று மண்ணையும் பழையபடி கொண்டுவந்தார். 1989இல் நட்ட இளம் கொடிகளின் பழத்தைப் புகழ்பெற்ற லேபிளில் சேர்க்கவில்லை. ஹில் ஆஃப் ரோசஸ் என்று தனிப் பெயரில் விற்கிறார்கள். வயது வரட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

பழம் சரியில்லாத ஆண்டில் ஹில் ஆஃப் கிரேஸ் வெளிவராது. 1974இலும் 2000இலும் அப்படித்தான் நின்றது. பெயர் வாங்கிய ஒயினை ஒரு வருடம் விற்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வருமானத்தை விடுவது என்று யோசியுங்கள். நல்ல ஆண்டிலும் அவசரம் கிடையாது. ஒவ்வொரு பாத்தியின் பழத்தையும் தனித்தனியாகப் புளிக்க வைத்து, ஓக் பீப்பாயில் ஒன்றரை ஆண்டு போல வைத்து, பிறகு கலந்து, பாட்டிலில் அடைத்து, அறுவடையிலிருந்து ஏறக்குறைய ஐந்து ஆண்டு கழித்துத்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். அத்தனை நாளும் முதல் முடங்கிக் கிடக்கிறது. பங்குதாரர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டிய பெரிய கம்பெனிக்கு இது கஷ்டம். குடும்பத் தொழிலில் முடிகிறது என்றால், எல்லோரும் ஒரே மனதாக இருக்கும்வரைதான். அதுதான் இதில் கடினமான பகுதி என்று நான் நினைக்கிறேன்.

அப்படியானால் அரை லட்சம் நியாயமா? பாதி நியாயம் என்பேன். முதுமையடைந்த கொடிகள், குறைந்த விளைச்சல், கை வேலை, காத்திருப்பு, விற்காத ஆண்டுகள், இதற்கெல்லாம் செலவு உண்டு. மீதி விலை புகழுக்கும் தட்டுப்பாட்டுக்கும் போகிறது. பத்து ஏக்கரில் விளைவதை உலகம் முழுக்கப் போட்டி போட்டு வாங்குகிறார்கள், விலை ஏறுகிறது. இருபது மடங்கு விலை என்றால் இருபது மடங்கு ருசி என்று எண்ணிவிடாதீர்கள்.

வாங்குகிறவர்களுக்கும், அன்பளிப்பாகப் பெறுகிறவர்களுக்கும் சில குறிப்புகள் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

லேபிளில் "ரிசர்வ்" என்று இருந்தால் மயங்காதீர்கள். ஸ்பெயின், இத்தாலி போன்ற நாடுகளில் அதற்குச் சட்ட விதி உண்டு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். "பழைய கொடி" என்பதும் பெரும்பாலான இடங்களில் வெறும் சொல்தான். பரோசாவில் மட்டும் 2009இல் தாங்களாகவே ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டார்கள். 35 வயதுக்கு மேல் ஒரு பிரிவு, 70, 100, 125 என்று மேலே போகும். ஒரே தோட்டத்து ஒயின் என்றால் தோட்டத்தின் பெயரும் ஊரும் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, ஃபிரிட்ஜுக்கு மேல் அலங்காரமாக நிற்கும் பாட்டில்கள். நம் ஊர் வெயிலில் அங்கே ஒரு கோடை இருந்தால் போதும், எவ்வளவு நல்ல ஒயினும் வெந்து போகும். 12 முதல் 15 டிகிரி வரை, வெளிச்சம் படாத இடம்தான் அதற்கு ஏற்றது. தனி வசதி இல்லையென்றால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துச் சில மாதங்களில் முடித்துவிடுவது நல்லது. "சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும்" என்பது ஐரோப்பிய அறையை வைத்துச் சொன்னது, 16 முதல் 18 டிகிரி. நம் ஹாலின் 32 டிகிரி அல்ல. திறந்த பாட்டிலை மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும்போது ஒருவர் தீர்வையில்லாமல் இரண்டு லிட்டர்தான் கொண்டுவரலாம். வழக்கமான அளவில் இரண்டு பாட்டில்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். அடுத்த முறை நம் ஜெனரல் பாடி கூட்டத்தில் ஏதாவது ஒரு பழைய மரத்தையோ கிணற்றையோ "இதனால என்ன பிரயோஜனம், எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால், உடனே கை தூக்க வேண்டாம். எடுத்த பிறகு திரும்ப வைக்க எத்தனை வருடம் ஆகும் என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்குப் பிறகு எடுப்பதா வைப்பதா என்று முடிவு செய்யலாம்.

 பின்னால் ஃபில்டர் காபி தயாராக இருக்கிறது.